துப்பாக்கியும் மனநோயும்: அமெரிக்கச் சபைகள் சுமக்கும் ஒரு பாரம்



நம் மருத்துவமனைச் செய்திமடலில் அமெரிக்க நாட்டுத் துப்பாக்கிப் பிரச்சினைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீங்கள் ஜெபத்தோடு அனுப்பும் காணிக்கை இங்குள்ள வார்டுகளுக்கும் கிராம முகாம்களுக்கும்தான் செல்கிறது. ஆனால் அந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்திலோ ஆலயத்திலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் காலையில் நம் ஊர்ச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அது வந்துவிடுகிறது. சுட்டவனுடைய பெயருக்கு முன்னாலேயே "மனநோயாளி" என்ற சொல்லும் வந்துவிடுகிறது. அடுத்த வாரம் எங்கள் மனநலப் பிரிவின் வராந்தாவில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் யாராவது ஒருவர் மெதுவாக எழுந்து வந்து, "டாக்டரம்மா, நம்ம பையனும் ஒருநாள் இப்படிச் செஞ்சிருவானா?" என்று கேட்கிறார்.

"நோயினால் மட்டும் யாரும் அப்படி ஆவதில்லை அம்மா. மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள். குடி, கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று எங்கள் மருத்துவர் சொல்லுவார். இந்தச் சுருக்கமான பதிலுக்குப் பின்னால் நெடுங்கால ஆராய்ச்சி இருக்கிறது. இதே கேள்வியோடு அமெரிக்கத் திருச்சபைகளும் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன. சிலவற்றில் அவர்கள் நமக்கு முன்மாதிரி. சிலவற்றில் அவர்கள் தடுமாறிய இடத்திலேயே நாமும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம். ஆகவேதான் எழுதுகிறோம்.

முந்திக்கொண்டு வரும் விளக்கம்

2012 டிசம்பர் 14 அன்று, கிறிஸ்துமஸுக்குப் பதினொரு நாட்கள் இருக்கும்போது, கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 சிறு பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர். 2022-இல் டெக்சாஸின் உவால்டேயில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். 2023 மார்ச் 27 அன்று நாஷ்வில் நகரில், ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பள்ளியில் 3 பிள்ளைகளும் 3 பெரியவர்களும். இன்னும் எத்தனையோ. ஒவ்வொரு முறையும் அந்த நாடு இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. துப்பாக்கிகள் பெருத்துவிட்டன என்கிறார்கள் ஒரு சாரார். மனநோயாளிகள் பெருத்துவிட்டார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். ஒருவரையும் சுடாத, சுட நினைக்காத கோடிக்கணக்கான மனநோயாளிகளும் அவர்களைப் பெற்றவர்களும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நமக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்களும் அவர்களே.

2017 நவம்பர் 5 ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தில் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருக்கையில் ஒருவன் நுழைந்து சுட்டான். தாயின் கருவிலிருந்த ஒரு சிசுவையும் சேர்த்து 26 பேர் மாண்டார்கள். அப்போது டோக்கியோவிலிருந்த அதிபர் டிரம்ப், இது துப்பாக்கிப் பிரச்சினை அல்ல, மனநலப் பிரச்சினை என்று மறுநாளே சொல்லிவிட்டார். விவரங்கள் பின்னால் வந்தன. அந்த மனிதன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய சிறு குழந்தையையும் அடித்த குற்றத்துக்காக 2012-இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். சட்டப்படி அவனுக்கு எந்தக் கடையும் துப்பாக்கி விற்றிருக்கக் கூடாது. ஆனால் விமானப்படை அந்தத் தண்டனை விவரத்தை மத்தியப் பதிவேட்டுக்கு அனுப்பத் தவறியிருந்தது. இந்தத் தவறுக்காக, நடந்த சேதத்தில் பெரும்பங்குக்கு அரசே பொறுப்பு என்று 2021-இல் ஒரு மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவனுக்கு மனநலச் சிகிச்சை பெற்ற வரலாறும் இருந்தது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், வீட்டிலுள்ள பெண்ணையும் பிள்ளையையும் அடித்த கை என்பதே முதல் எச்சரிக்கையாக இருந்தது. அதை ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு ஒருவரும் அனுப்பவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு, சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் வேதபாட வகுப்பு நடந்தது. அறிமுகமில்லாத ஒரு வெள்ளை இளைஞன் வந்தான். அவனுக்கு இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்துவிட்டு, கடைசி ஜெபத்தின்போது துப்பாக்கியை எடுத்தான். போதகரையும் சேர்த்து 9 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்கள் மேலுள்ள பகையினாலேயே அவன் அதைச் செய்தான். அதை அவனே எழுதியும் வைத்திருந்தான். விசாரணையில் தனக்காக மனநோய் என்ற வாதத்தை வைக்க வேண்டாம் என்று தன் வழக்கறிஞர்களையே விலக்கினான். அப்படியிருந்தும் அவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடப் பார்த்தவர்கள் உண்டு. கறுப்பினச் சபைகளிலிருந்து இதற்கு எதிராக எழுந்த குரலை நாம் கவனித்துக் கேட்க வேண்டும். பகையைப் பகை என்றும், இனவெறியைப் பாவம் என்றும் சொல்லத் தைரியமில்லாதபோதுதான் "நோய்" என்ற போர்வை தேவைப்படுகிறது என்றார்கள் அவர்கள்.

எங்களுக்கு இதில் ஒரு வேதனை உண்டு. மனச்சோர்வினால் படுக்கையை விட்டு எழ முடியாத சகோதரியிடம், உனக்கு விசுவாசம் போதாது, மறைவான பாவம் இருக்கிறது என்று சபை சொல்லுகிறது. பகையை வளர்த்துத் திட்டமிட்டுக் கொன்றவனை மட்டும் பாவம், நோயாளி என்று சொல்லுகிறது. பாவத்தை நோய் என்றும் நோயைப் பாவம் என்றும் மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

ஆராய்ச்சி சொல்லுவது என்ன?

டியூக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜெஃப்ரி சுவான்சன் இந்தத் துறையில் 30 ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பவர். கடுமையான மனநோய்கள் அனைத்தையும் ஒரே நாளில் குணமாக்கிவிட முடிந்தாலும் அமெரிக்காவில் பிறர் மேல் நடக்கும் வன்முறை ஏறத்தாழ 4 சதவீதமே குறையும் என்பது அவருடைய ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் கணக்கு. மீதி 96 சதவீதத்துக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது: குடி, போதைப்பொருள், முன்பே அடிதடியில் இறங்கிய பழக்கம், குடும்ப வன்முறை, வறுமை, இளம் வயது ஆண்களின் கோபம். மனநல விடுதிகளிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1998-இல் வெளியான மக்ஆர்தர் ஆய்வும், குடியும் போதையும் இல்லாத நோயாளிகள் அக்கம்பக்கத்தாரை விட அதிகமாக வன்முறையில் இறங்கவில்லை என்று கண்டது. நோயோடு குடி சேர்ந்தபோது ஆபத்து கூடியது. எங்கள் மருத்துவர் அந்தத் தாயிடம் குடியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிபடுகிறவர்களாக மனநோயாளிகள் இருப்பதே அதிகம். சிகாகோ நகரில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே ஆண்டில் வன்குற்றத்துக்கு ஆளாகியிருந்தார்கள். இது பொதுமக்களுக்கு நேர்வதைப்போல 11 மடங்குக்கும் மேல். யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மனச்சிதைவு நோய் நம் நாட்டிலும் இருக்கிறது, ஜப்பானிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 2017-ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருந்ததாக ஜெனீவாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். வேறெந்த நாட்டிலும் இந்த நிலை இல்லை. துப்பாக்கிச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்நாட்டு மக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அங்குள்ள விசுவாசிகளே இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். ஆயுதமேந்திய காவலரை வாசலில் நிறுத்தும் சபையும் உண்டு, துப்பாக்கியை அடியோடு வெறுக்கும் மெனனைட் சபையும் உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டி இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது என்பதை மட்டும் சொல்லுகிறோம்.

மனநோய்க்கும் துப்பாக்கிக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. ஆனால் அது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், பாதிக்கு மேல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பிறரால் கொல்லப்பட்டவர்கள் 20,958 பேர். பள்ளிகளிலும் ஆலயங்களிலும் நடந்து உலகத்தையே உலுக்கும் கூட்டுக் கொலைகளில் இறந்தவர்கள் இந்த மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. மனநோயாளியின் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்கு ஆபத்து என்று கேட்டால், பெரும்பாலும் அவருக்கேதான்.

ஒரு தாயின் அலைச்சல்

நோய்க்கும் கொலைக்கும் தொடர்பே கிடையாது என்று நாங்கள் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவனுக்கு நோய் இருந்தது. அந்த வரலாற்றை மாநில அரசு அமைத்த குழு அதே ஆண்டு விரிவான அறிக்கையாக வெளியிட்டது. பிள்ளைகளை வெளிநாட்டில் வளர்க்கும் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

கொரியாவிலிருந்து 1992-இல் குடியேறிய குடும்பம். பையனுக்கு அப்போது 8 வயது. பெற்றோர் துணி வெளுக்கும் கடைகளில் நாள் முழுதும் உழைத்தார்கள். பையன் பேசுவதே இல்லை. பள்ளி சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் அவனை ஆலோசகரிடம் கூட்டிச் சென்றார்கள். தேர்ந்தெடுத்த மௌனம் என்று சொல்லப்படும் நிலையும் மனச்சோர்வும் இருப்பதாக மருத்துவர் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். நல்ல குணம் தெரிந்தது. பள்ளியும் அவனுக்கென்று சில சலுகைகள் செய்து தாங்கியது. அந்த வருடங்களில் அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இந்தத் தாங்குதல் எல்லாம் அறுந்துவிட்டது. பள்ளியில் அறிந்த விவரம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2005 டிசம்பரில் அவன் தனக்கே ஆபத்தானவன் என்று கண்டு ஓர் இரவு மருத்துவமனையில் வைத்தார்கள். வெளியிலிருந்து சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அது நடக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை. உத்தரவு துப்பாக்கிப் பதிவேட்டுக்கும் போகவில்லை. ஆகவே அவன் கடைக்குப் போய் வாங்க முடிந்தது. பெற்றோருக்கு எதுவுமே தெரிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வந்திருப்போம் என்று அவர்கள் குழுவினரிடம் சொன்னார்கள்.

அந்தத் தாய் கொரியச் சபைகளின் உதவியை நாடியதாக அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அப்போது எழுதின. இது ஆவிக்குரிய வல்லமையால் தீர வேண்டியது என்று கருதிய போதகரும் அதில் உண்டு. அந்தப் போதகரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம் ஊரில் நள்ளிரவு உபவாச ஜெபத்துக்கும் விடுதலைக் கூட்டத்துக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையும் தாய்மாரை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். மருந்து தொடங்க வேண்டிய காலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே போய்விடுகின்றன. ஜெபம் வேண்டாம் என்று மிஷன் மருத்துவமனை சொல்லுமா? எங்கள் வார்டில் ஒவ்வொரு நாளும் ஜெபத்தோடுதான் விடிகிறது. ஜெபித்த கையோடு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறோம்.

சபைகள் விழித்துக்கொண்ட விதம்

அமெரிக்கச் சபைகளில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு லைஃப்வே என்ற கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் கண்ட இரண்டு கணக்குகள் போதும். 2013-இல் அவர்கள் கேட்டபோது, கடுமையான மனநோயும் வேதவாசிப்பாலும் ஜெபத்தாலும் மட்டுமே தீரும் என்று சுவிசேஷ சபையாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சொன்னார்கள். 2014-இல் போதகர்களைக் கேட்டபோது, அவர்களில் 66 சதவீதத்தினர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் மனநோயைப் பற்றிச் சபையில் பேசியிருந்தார்கள். தாமே ஏதோ ஒரு மனநோயால் துன்பப்பட்டதாகச் சொன்ன போதகர்கள் 23 சதவீதம்! மேய்ப்பரில் நாலில் ஒருவருக்கு உள்ளே காயம் இருந்தும், பிரசங்கபீடம் மௌனமாக இருந்திருக்கிறது.

அந்த மௌனத்தை உடைத்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையை நிறுவிய போதகர் ரிக் வாரன். அவருடைய புத்தகத்தைத் தமிழில் படித்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். 2013 ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்துக்குள், அவருடைய 27 வயது இளைய மகன் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறு வயது முதல் மனநோயோடு போராடியவர் அவர். நல்ல மருத்துவர்கள், மருந்துகள், ஆலோசனை, உலகமெங்குமிருந்து ஜெபம், எதற்கும் குறைவில்லை. கைக்கு எட்டாமல் இருந்திருக்க வேண்டிய துப்பாக்கியை யாரோ இணையத்தின் வழியாக விற்றிருந்தார்கள். விற்றவனை மன்னித்துவிட்டதாகத் தகப்பன் வெளிப்படையாகச் சொன்னார்.

பெரிய சபையின் போதகர் ஒருவர் தன் வீட்டு மரணத்துக்கு மாரடைப்பு என்று பெயர் வைத்திருக்கலாம். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் பெயர் வைக்கிறோம். வாரன் தம்பதியர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஓராண்டு கழித்து, 2014 மார்ச் 28 அன்று, அந்தப் பகுதியின் கத்தோலிக்க மறைமாவட்டத்தையும் மனநோயாளிகளின் குடும்பங்கள் நடத்தும் தேசிய அமைப்பின் உள்ளூர்க் கிளையையும் சேர்த்துக்கொண்டு, மனநலமும் திருச்சபையும் என்ற பொருளில் ஒரு நாள் மாநாடு நடத்தினார்கள். அதே 2014-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மதத் தலைவர்களோடு சேர்ந்து உழைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. போதகர்களுக்கென்று ஒரு கையேடும் வெளியிட்டது. எப்போது ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எப்போது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை அது எளிதாகச் சொல்லுகிறது. ஐக்கிய கிறிஸ்து சபையார் மனநோயாளிகளை வரவேற்கும் சபைகளாகத் தங்களை அறிவித்துக்கொள்ளும் ஓர் ஒழுங்கை 2015-இல் ஏற்படுத்தினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலிலேயே, கடுமையான மனக்கலக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்பவரின் பொறுப்பு குறைகிறது என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் எழுதிவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் தனி மூலை ஒதுக்கிய காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம்!

துப்பாக்கி இருக்கும் வீட்டில் என்ன செய்வது என்பதையும் சில சபைகள் கைவேலையாகவே எடுத்துக்கொண்டன. துப்பாக்கிப் பூட்டுகளை ஆலய வாசலில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் நாட்களில் துப்பாக்கியை நம்பிக்கையான ஓர் உறவினரிடம் ஒப்படைத்து வையுங்கள் என்று போதகர் வீட்டுச் சந்திப்பில் சொல்லுகிறார். இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் குறுகிய நேரமே நிற்கும். துப்பாக்கியைத் தொட்டவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மற்றெந்த முயற்சியிலிருந்தாவது பிழைத்துக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் அந்த வழியில் சாவதில்லை. இடையில் ஒரு பூட்டும் ஒரு மனிதரும் இருந்தால் போதும், ஓர் உயிர் தப்பக்கூடும். கொலராடோ மாநிலத்தில் மெனனைட் பின்னணியுள்ள ஓர் இளைஞர் 2013-இல் தொடங்கிய ஊழியம், ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் துப்பாக்கிகளை உலையில் காய்ச்சி மண்வெட்டியாகவும் களைக்கொத்தியாகவும் அடித்துக் கொடுக்கிறது. ஏசாயா தீர்க்கதரிசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் போலும். சம்மட்டியை எடுத்து அடிக்கிறவர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் உண்டு.

சட்டத்தின் மொழியும் மெதுவாக மாறி வருகிறது. 1968-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்களின் பட்டியலில் குற்றவாளிகளோடு, "மனக்குறையுள்ளோர்" என்று பொருள்படும் இழிவான ஒரு சொல்லால் நோயாளிகளைச் சேர்த்தது. அந்தச் சொல் இன்றும் அழிக்கப்படவில்லை. ஆனால் 1999-இல் கனெக்டிகட் தொடங்கிவைத்து, பார்க்லண்ட் சம்பவத்துக்குப் பின் பல மாநிலங்கள் பின்பற்றிய சட்டங்கள் வேறு வழியில் போகின்றன. ஒருவருக்கு என்ன நோய் என்று அவை கேட்பதில்லை. மிரட்டுகிறாரா, அடிக்கிறாரா, சாகப்போவதாகச் சொல்லுகிறாரா என்று நடத்தையைப் பார்க்கின்றன. நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியைச் சில காலம் வாங்கி வைக்கின்றன. கனெக்டிகட்டில் இப்படி எடுத்து வைத்த ஒவ்வொரு 10 முதல் 20 தடவைக்கும் ஓர் உயிர் தற்கொலையிலிருந்து தப்பியிருக்கும் என்று சுவான்சனும் அவருடைய சகாக்களும் 2017-இல் கணக்கிட்டார்கள். நோயின் பெயரைக் கொண்டு மனிதரைத் தள்ளிவைப்பதை விட இதுவே நேர்மையான வழி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சிகிச்சைக்குப் போனால் பெயர் பதிவாகிவிடும் என்ற பயம் வந்தால், சிகிச்சை தேவைப்படுகிறவர்களே முதலில் ஒளிந்துகொள்ளுவார்கள்.

நம் பக்கத்துச் சங்கிலிகள்

நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. ஆனால் பயமும் வெட்கமும் இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது தர்காவைச் சார்ந்த ஊர்தானே என்று நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. கட்டிப்போடும் வழக்கம் எல்லா மதத்தாரிடமும் இருந்தது. கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்குள் கிடந்த அந்த மனிதனையும் ஊரார் முதலில் சங்கிலியால்தானே கட்டிப் பார்த்தார்கள்? ஆண்டவர் அவனிடத்தில் முதலில் பெயரைத்தான் கேட்டார்.

நன்றியோடு நினைக்க வேண்டியதும் உண்டு. கனடா தேசத்து மிஷனரி மருத்துவர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1950-களில் வேலூர் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு அவருடைய குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பராமரிக்கும் முறை அங்கே வேரூன்றியது. நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடும் காலத்தில் அது புதுமை. வீட்டார் கூடவே இருந்து கற்றுக்கொள்வதால் பயம் போகிறது. எங்கள் பிரிவிலும் அதே வழியில்தான் நடக்க முயலுகிறோம்.

பூட்டைப் பற்றிச் சொன்னோமே, அது நமக்கும் பொருந்தும். அங்கே துப்பாக்கி எப்படியோ, நம் கிராமங்களில் பூச்சிமருந்து அப்படி. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளை வைத்து, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கும்படி செய்தார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தினால் வந்த சாவுகள் குறைந்ததை 2013-இல் எழுதினார்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பெட்டி, இரண்டு சாவி, சாவிக்குப் பொறுப்பான ஒரு ஆள். கிராமச் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கம் செய்யக்கூடிய ஊழியம் இது.

அக்டோபர் 10-ஆம் தேதி உலக மனநல நாள். 1992 முதல் அனுசரிக்கப்படுகிறது. அதை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் சபையில் மனநலத்தைக் குறித்து ஒரு ஆராதனை ஒழுங்கு செய்ய விரும்பும் ஆயர்கள் இரண்டு மாதங்களுக்கு முன்னதாக எங்களுக்கு எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். எங்கள் மனநலச் செவிலியரும் சமூகப் பணியாளரும் வருவார்கள். காணிக்கை எதுவும் வேண்டாம். ஆராதனை முடிந்தபின் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் நிச்சயமாக இருப்பார்கள். ஆகவே கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும் மூன்று நாற்காலிகளும் மட்டும் ஆயத்தப்படுத்தி வையுங்கள். ஆலயத்தின் முன்வாசல் வழியாக அல்லாமல் போக வழியிருக்கிற அறையாக இருந்தால் நல்லது. அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அரசின் டெலி-மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416-ஐ இரவும் பகலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.